நாற்பத்தொரு கிலோ குப்பை

அம்மாடி,

படகு திரும்பாமல் மூன்று மாதம் ஆகிவிட்டது. "கடல் எதையும் கரையில போடலையே அத்தை, அப்போ உங்க பிள்ளை எங்கேயோ உயிரோடதானே இருக்கார்?" என்று போன வாரம் போனில் கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

கடற்கரையைச் சுத்தம் செய்யும் எங்கள் தன்னார்வக் குழு நன்றாகத்தான் நடக்கிறது. இடுக்கியால் எடுப்போம், பையில் போடுவோம், கடைசியில் எடை பார்ப்போம். எதையும் நின்று பார்க்க நேரமிருக்காது. இந்த மாதம் நாற்பத்தொரு கிலோ. "கொஞ்சம் சிரிங்கக்கா, நாமதான் முதலிடம்!" என்று எங்கள் குழுவில் இருக்கும் தபால்காரர் போட்டோ எடுத்தார். நானும் ஈயென்று இளித்துக்கொண்டு நின்றேன்.

நேற்று அந்தப் போட்டோவை நூலகத்தில் ஒட்டியிருந்தார்கள். என் இடுக்கியில் ஒரு நீலச் செருப்பு. அதன் வாரில் பச்சை வலைநூல் தையல். அவன் படகேறிய காலையில் அவசர அவசரமாக நீ தைத்துக் கொடுத்தாயே, அதே கோணல் தையல்.

குப்பைக் கிடங்குக்கு ஓடினேன். "அன்னைக்கே எரிச்சாச்சும்மா" என்றார் காவலாளி.

அவன் வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதென்று நீ இன்னும் கதவைத் தாழிடாமல்தான் படுக்கிறாயாம். உன் அம்மா சொன்னார்.

இனிமேல் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கு, கண்ணு.

உன் அத்தை