திரும்ப வாங்கிய அட்டைகள்

செப்டம்பர் 9

இன்று ஒரே காலையில் மூன்று பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து உத்தரவு போட்டேன். எல்லாம் பெற்றவர்களின் மாத்திரைப் போதை. கடைசிக் குழந்தையின் பால் புட்டியில் சோடா ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் வழக்கைப் பற்றிப் பேசமாட்டேன். ஆனால் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற டெல்மருக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? எந்த வாசலில் எந்தப் பிள்ளை ஏறவில்லை என்று பார்த்தாலே என் கணவருக்குப் போதும். சாப்பிடும்போது, "ஒரு பிள்ளைய எடுத்தா அதோட சித்தப்பன் பெரியப்பன் ஓட்டெல்லாம் போச்சு, லெனோரா. இன்னிக்கி ஒரு பூத்தையே காலி பண்ணிட்டு வந்திருக்க" என்றார். சிரித்து வைத்தேன்.

செப்டம்பர் 20

நவம்பரில் நீதிபதி தேர்தல். என்னை எதிர்த்து நிற்கிற கிரேடி ஹேல்சி ஊரெல்லாம் பலகை நட்டுவிட்டான். "குடும்பங்களைச் சேர்த்து வைக்கும் நீதிபதி." இந்த மாவட்டத்தில் பாதி விவாகரத்தை வாங்கிக் கொடுத்த வக்கீல் அவன்! நான் குடும்பங்களைப் பிரிக்கிறவளாம். ஏன் பிரித்தேன் என்று நான் சொல்ல முடியாது. பிள்ளைகளின் வழக்குகள் எல்லாம் மூடி முத்திரையிட்டவை. எவன் வேண்டுமானாலும் என்னைப் பற்றி எதுவும் பேசலாம், நான் பதில் பேசக்கூடாது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இன்று இரண்டு சாவு வீடுகள். வேட்பாளர் துக்கத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. இரண்டிலும் எனக்கு முன்னால் ஹேல்சி நின்றுகொண்டிருந்தான், கைக்குட்டையோடு.

செப்டம்பர் 21

தோற்றால் என்ன செய்வேன்? ஐம்பத்தாறு வயது. எனக்கு இதைத் தவிர வேறொன்றும் வராது. வேறொன்றும் வேண்டவும் வேண்டாம்.

அக்டோபர் 3

என் தேர்தல் குழுவுக்குத் தலைவி வாண்டா அக்கா. நீதிபதி தானே போய் யாரிடமும் நன்கொடை கேட்கக்கூடாது என்று விதி இருப்பதால், அக்கா ஊரைச் சுற்றி வந்து எனக்காகக் கை நீட்டுகிறாள். இன்று என் அறைக்கு வந்தவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுவர் முழுக்கத் தத்துப் படங்கள். தத்து முடியும் நாளில் மட்டும் நான் மேடையைவிட்டு இறங்குவேன். பிள்ளைக்கு ஒரு கரடி பொம்மை. என் சுத்தியலை அதுவே ஒருமுறை தட்டும். புதுக் குடும்பத்தோடு நின்று ஒரு படம். எட்டு வருடத்தில் நான் அழாமல் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

"அவன் உன்னப் பிரிக்கிறவன்னு சொல்றான். சேத்து வச்சது இங்கதானடி தொங்குது. இத வீட்டுக்கு வீடு அனுப்புவோம்" என்றாள் அக்கா.

கிப்சன் குடும்பத்தின் படத்தை நானே தேர்ந்தெடுத்தேன். அவர்கள் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். படத்தில் எனக்கு வயதே தெரியவில்லை.

அக்டோபர் 17

அந்தப் படம் போட்ட அட்டைகள் தபால் நிலையத்துக்குப் போய்விட்டன. கையில் இருந்ததெல்லாம் இதற்கே சரியாகிவிட்டது. இனி வேறு பிரசாரம் கிடையாது. அக்கா கணக்குப் போட்டிருக்கிறாள், இது எல்லா வீட்டுக்கும் போனால் ஜெயித்துவிடுவோமாம்.

அக்டோபர் 18

ஐயோ.

அக்கா கொடுத்துவிட்ட ஒரு அட்டையை டெல்மர் கொண்டுவந்து மேசையில் போட்டார். என் முகத்தைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. பிறகுதான் பின்னால் பார்த்தேன். கிப்சன் தம்பதிக்குப் பின்னால், பார்வையாளர் இருக்கையில், அடுத்த விசாரணைக்காகக் காத்துக்கொண்டு ஒரு சிறுமி. பக்கத்தில் அவளை வளர்க்கும் நோவலீன், வேலையிலிருந்து நேராக வந்த சட்டையோடு. சட்டை நெஞ்சில் பள்ளிக்கூடத்தின் பெயர், எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். பக்கத்து மாவட்டப் பள்ளி. நோவலீன் அங்கே சமையலறையில் இருக்கிறாள். அந்தப் பிள்ளையும் அங்கேதான் படிக்கிறது.

அவள் பெயரை இங்கேகூட எழுதமாட்டேன். அவளுடைய அப்பன், தாயை அடித்தே முடமாக்கியவன், ஆகஸ்டில் சிறையிலிருந்து வந்துவிட்டான். பிள்ளை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறான். தெரியக்கூடாது என்று உத்தரவு போட்டதே நான்தான். நோவலீனுக்கு அவளைத் தத்துக் கொடுக்க நவம்பர் 21 என்று நாள் குறித்ததும் நான்தான்.

அச்சுக்கு முன்னால் மாதிரியைக் காட்டினார்களே. என்னத்தப் பாத்தேன்? என் மூஞ்சியத்தான் பாத்தேன். அது நல்லா விழுந்திருக்கான்னு மட்டும்தான் பாத்தேன்.

அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். காரணம் சொல்ல முடியவில்லை. பைத்தியமா என்றாள். ஒருவேளை அப்படித்தானோ என்னவோ. தபால் நிலையத்தில் மூட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் காலையிலேயே விநியோகமாகிவிட்டதாம். வுல்ஃப்பென் ஓடை.

அவனுடைய அம்மா வீடு வுல்ஃப்பென் ஓடையில்.

அக்டோபர் 19

சமூகப் பணியாளர் டீட்ராவுக்கு நேற்றே தகவல் சொல்லிவிட்டேன். இன்று ஞாயிறு, மாதாகோயிலுக்குப் போகாமல் நானும் டெல்மரும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடையோரமாக வீடு வீடாக ஏறினோம், அட்டையைத் திரும்ப வாங்க. என்ன காரணம் சொல்வது? இந்தப் படத்தில் ஒரு பிள்ளை இருக்கிறது, பார்க்காதீர்கள் என்றால் பார்க்காதவனும் பார்ப்பான். அச்சுப் பிழை என்றேன். எட்டு வருடத்தில் நான் சொன்ன முதல் பொய்.

அவர்களுக்கு ஒரே வேடிக்கை. காகிதம் கொடுக்க வருகிற வேட்பாளரைப் பார்த்திருக்கிறார்கள், வாங்க வருகிறவளைப் பார்த்ததில்லை. ஒரு கிழவர் அடுப்பு எரிக்கப் போட்டுவிட்டதாகச் சொன்னார். "இன்னொண்ணு குடுத்தீங்கன்னா அதையும் திருப்பித் தந்துருவேன், ஜட்ஜம்மா" என்றார். ஒவ்வொரு வாசலிலும் காப்பி, ஆப்பிள் பணியாரம், முழங்கால் வலி, பேரன் கதை. இறங்கி வர விடமாட்டேன் என்கிறார்கள். நானோ குளிர்ப்பெட்டிக் கதவில் என் முகம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வீடு அவனுடைய அம்மாவுடையது. வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள் வாசலில் நான் கால் வைக்கக்கூடாது. வண்டியை ரோட்டிலேயே நிறுத்தச் சொல்லி டெல்மரை மட்டும் அனுப்பினேன். ஏன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

நெடுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

"அட்டை இல்ல. மகன் எடுத்துட்டுப் போயிட்டானாம்" என்றார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கெழவி அழுவுது, லெனோரா. எம் பேத்தி படத்த ஜட்ஜம்மா எனக்குன்னே அனுப்பிச்சிருக்காங்க, அவங்க நல்லா இருக்கணும்ங்குது."

வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அட்டை அவன் கைக்குப் போய்விட்டது என்று டீட்ராவைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆண்டவரே, என்ன காரியம் செய்துவிட்டேன்.

அக்டோபர் 20

அந்தப் பிள்ளையின் வழக்கிலிருந்து விலகிக்கொண்டேன். இரு தரப்பு வக்கீல்களுக்கும், நீதிபதிகளை விசாரிக்கிற ஆணையத்துக்கும் என் பிழையை நானே எழுதிக் கொடுத்தேன். ஒரு வரியைக்கூட மழுப்பவில்லை. எல்லாம் ரகசியமாகவே இருக்கும், இருந்தாகவேண்டும்.

அக்டோபர் 22

அவனுடைய வண்டி இன்று அந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றிருக்கிறது. ஒன்றும் செய்யவில்லையாம், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தானாம். போலீஸ் வருவதற்குள் போய்விட்டான்.

அக்டோபர் 23

பிள்ளையை மாற்றிவிட்டார்கள். மாநிலத்தின் மறு கோடி, முன்பின் தெரியாத வீடு. எந்த ஊர் என்று எனக்குச் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. நோவலீன் கூடப் போக முடியாது. சுரங்கத் தூசியில் நுரையீரல் போன அப்பா ஆக்சிஜன் குழாயோடு அவள் வீட்டில் படுத்திருக்கிறார். தத்து ரத்து.

டீட்ரா தொலைபேசியில் சொன்னாள். பிள்ளை வண்டியில் ஏற மறுக்கவில்லையாம். ஏறி உட்கார்ந்து, தானே பெல்ட்டைப் போட்டுக்கொண்டதாம். பழகிப்போன பிள்ளை.

அக்டோபர் 30

போட்டியிலிருந்து விலகிவிடவா? வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டது, பெயரை எடுக்க முடியாது என்கிறார்கள். நான் கேட்டது நிஜமாகவா, இல்லை கேட்டேன் என்று இங்கே எழுதுவதற்காகவா?

அட்டைக்குப் பணம் கட்ட வழியில்லாமல் நிறுத்திவிட்டேன் என்று ஹேல்சியின் ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

நவம்பர் 4

ஜெயித்துவிட்டேன்.

ஊருக்குள் எல்லா பூத்திலும் பின்தங்கினேன். கடைசியாக வந்தது வுல்ஃப்பென் ஓடைப் பெட்டி. ஹேல்சிக்கு அங்கே ஒன்றும் தேறவில்லை. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நேர்லயே போயி ஒவ்வொரு வாசல்லயும் நின்னியேடி. அட்டைய வாங்குற சாக்குல ஓட்டு கேட்ட பாரு, அந்த மூளை எனக்கு வரலையே" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கிழவி தன் சொந்தக்காரர்களை எல்லாம் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எனக்குப் போடச் சொன்னதாக யாரோ சொன்னார்கள்.

டெல்மர் கை தட்டவில்லை. என் கோட்டை எடுத்துவந்து தோளில் போட்டு, "வீட்டுக்குப் போலாமா?" என்றார்.

நவம்பர் 12

ஆணையத்திடமிருந்து பதில். கவனக்குறைவு, நானே முன்வந்து தெரிவித்ததால் ரகசியக் கண்டிப்போடு முடித்துக்கொள்கிறார்கள். என் நேர்மையைப் பாராட்டி ஒரு வரி வேறு. கண்டிப்பைத் தாங்கிக்கொண்டேன். அந்த வரியைத் தாங்க முடியவில்லை.

நவம்பர் 21

விசாரணை ரத்தான விஷயம் தெரிந்தும் நோவலீன் இன்று நீதிமன்றத்துக்கு வந்திருந்தாள். பள்ளியில் முன்பே விடுப்புச் சொல்லிவிட்டாளாம், வீட்டில் உட்கார முடியவில்லையாம். பிள்ளை விட்டுப்போன குளிர் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, டீட்ரா வருவாள் என்று தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டேன், திரும்பிப் போக முடியவில்லை.

எழுந்து நின்றாள். அப்பனுக்கு எப்படியோ பள்ளிக்கூடம் தெரிந்துவிட்டது என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். எப்படி என்று சொல்லவில்லை.

"ஜெயிச்சிட்டீங்களாமே, ஜட்ஜம்மா. சந்தோசம்" என்றாள். "எங்க மாவட்டத்துல இருந்து உங்களுக்கு ஓட்டுப் போட முடியாது. முடிஞ்சிருந்தா மொத ஆளா வந்து போட்டிருப்பேன். அவளுக்காக நீங்க எவ்ளோ பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும்."

விலகிய வழக்கைப் பற்றி நான் பேசக்கூடாது என்று விதி இருக்கிறது. இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் என் வாயை அடைத்தது அந்த விதி இல்லை.

நன்றி என்றேன்.