யுவராணி கற்றுக்கொண்ட கன்னடம்

காரிமங்கலம்
23.11.2025

அன்பு மகன் மாதவராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு அதை அடித்திருக்கிறேன், பார்த்ததும் பதறாதே, ஏன் அடித்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீ அங்கே நன்றாக இருக்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். ஃபோனில் சொல்லக்கூடாதா என்பாய், ஃபோனில் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய், எனக்கு அழுகை வந்துவிடும். நம்ம இன்னாசி அண்ணன் மகன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை தோஹாவுக்குக் கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தங்கச்சி யுவராணி கன்னடம் பேசுகிறாள் கண்ணு. நம்ம வீட்டுக் கன்னடம் இல்லை, டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி. நீ ஒன்றாம் வகுப்பில் ரெண்டு பாஷையும் கலந்து பேசினாய் என்று பிள்ளைகள் சிரித்து, நீ அழுதுகொண்டு வந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கே நானும் அப்பாவும் இனிமேல் பிள்ளைகளிடம் தமிழ்தான் என்று முடிவு செய்தோம். அப்புறம் கன்னடம் எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும் என்று ஆகிவிட்டது, அதுவும் எதற்கு, சண்டைக்கு, சாவுச் சேதிக்கு, உங்களுக்குத் தெரியக்கூடாததற்கு. பிளஸ் ஒன் படிக்கிற பெண் எந்நேரமும் காதில் இயர்ஃபோனோடு இருக்கிறாளே, எவனோ பேசுகிறானோ என்று நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன், கேட்டால் பாடம் என்பாள். பாடம்தான், என்ன பாடம் என்றுதான் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா களி சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் கன்னடத்தில், பன்னிரண்டாம் தேதிக்கு பெங்களூர் ஆஸ்பத்திரியில் வரச் சொல்லிவிட்டார்கள், ஓசூரில் ஒரு கல்யாணம் என்று பிள்ளையிடம் சொல்லிவிடு என்றார். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, நானூ பர்த்தீனி என்றாள். நானும் வருகிறேன் என்று அர்த்தம். அப்பா கையிலிருந்த களி கையிலேயே நின்றுவிட்டது.

ஆமாம் சாமி, அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு. பிப்ரவரியில் நெஞ்சு வலித்து தருமபுரியில் காட்டினோம், மாத்திரையில் பார்க்கலாம் என்றார்கள், இப்போது ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள். பயப்படாதே, இப்போதெல்லாம் நிறையப் பேருக்குச் செய்கிறார்கள் என்று டாக்டரே சொன்னார். உனக்குத் தெரிந்தால் இருக்கிற வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாய் என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் அவளே தன் நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். தமிழ் எழுத்தில் கன்னட வார்த்தைகளும் பக்கத்தில் அர்த்தமும். பாஷை படிக்கிறவர்கள் உன் பெயர் என்ன, சாப்பிட்டாயா என்றுதானே ஆரம்பிப்பார்கள். இவள் நோட்டில் வலி, ரத்தம், ஆஸ்பத்திரி, பயம். முதல் பக்கத்தில் முதல் வரி, மக்களிகெ ஹேளபேடா. பிள்ளைகளிடம் சொல்லாதே என்பது. நாங்கள் அடிக்கடி சொன்னது அதுதானாம், அதற்கு என்ன அர்த்தம் என்று தேடிப் போய்த்தான் மீதியையும் கற்றுக்கொண்டாளாம். இத்தனை மாதமாக எல்லாம் தெரிந்தே எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், சிரித்திருக்கிறாள், அப்பாவிடம் வம்பு இழுத்திருக்கிறாள். ஏண்டி ஒரு வார்த்தை கேக்கல என்றேன். எனக்குப் புரியுதுன்னு தெரிஞ்சா நீங்க எனக்குக் கேக்காத எடத்துக்குப் போயி பேசுவீங்க, அப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியாம போயிரும்மா என்றாள்.

எனக்கு அவளைத் திட்டுவதா கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. யாரும் சொல்லித்தராமல் ஒரு பாஷையைக் கற்றுக்கொண்டாளே என்று பெருமையாகவும் இருக்கிறது, எதற்காகக் கற்றாள் என்று நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது. அப்பா ரெண்டு நாள் எந்தப் பாஷையிலும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளிடம் கன்னடத்தில் தண்ணீர் கேட்டார், அவளும் கொண்டுவந்து கொடுத்தாள், ரெண்டு பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறார்கள். நான்தான் நடுவில் கிறுக்குப் பிடித்தவள் மாதிரி சுற்றுகிறேன். அண்ணனுக்கு நீ சொல்றியா நான் சொல்லட்டுமா என்று அவள் கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு நான் எழுதுவது தெரியாது, சத்தியத்தை மீறிவிட்டேன், அந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும்.

அவளை எதுவும் கேட்டு வருத்தாதே. ஊர் மாரியம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வெயிலில் நின்று வேலை செய்தால் தண்ணீர் குடிக்க மறக்காதே. ஆபரேஷன் டிசம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. நீ வரவேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், நாலு தரம் எழுதி நாலு தரமும் கிழித்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ராமக்காள்