தலையணையோடு கப்பலேறியவர்

என் அப்பா, என் கப்பல்கார அப்பா,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. சுவிஸின் இந்தத் துன் ஏரி அப்படியே இருக்கிறது. உங்கள் கதவுகள்தான் மறுபடி கிறீச்சிடத் தொடங்கிவிட்டன. யாரும் கேட்காமலே நம் கட்டடத்தின் எல்லாக் கதவுகளுக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டு திரிந்தீர்கள். மூன்றாம் மாடிச் சுவிஸ் அம்மா ஒருமுறை முறைப்பாடுகூடச் செய்தார். இப்போது அவரே என்னைப் படியில் மறித்துக் கேட்கிறார், உன் அப்பா என்ன எண்ணெய் பாவித்தார் என்று.

எனக்குத் தெரியவில்லை.

தெரியாதவை இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய விஷயம். பார்க்க முகம் இல்லை என்பது எனக்கு வசதியாகப் போய்விட்டது. அதுவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஷாஃப்ஹவுசனில், ரைன் ஆற்றைப் பார்த்தபடி ஒரு சிறிய அருங்காட்சியகம். கிரேக்கக் கப்பல்களைப் பற்றிய கண்காட்சி நாளை அங்கே திறக்கிறது. கடலே இல்லாத நாட்டில். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். முதல் அறையில் ஏதென்ஸின் போர்க்கப்பல், மூன்று அடுக்குத் துடுப்புகளோடு, மரத்தில் செய்த சிறிய மாதிரி. அடுத்தது எதிரிகள்மேல் நெருப்பைப் பீய்ச்சிய பைசாந்தியக் கப்பல். பிறகு ஹைட்ரா தீவின் வணிகர்கள் பீரங்கி ஏற்றிச் சுதந்திரப் போருக்கு அனுப்பிய பாய்க்கப்பல்கள். கடைசி அறையில், உலகப் போருக்குப் பிறகு கிரேக்க முதலாளிகள் வாங்கி எல்லாக் கடல்களிலும் ஓடவிட்ட சரக்குக் கப்பல்கள்.

அந்த அறையில் நீங்கள் இருக்கிறீர்கள். அதாவது, உங்கள் தலையணை இருக்கிறது. நீலக் கோடு போட்ட அந்தச் சின்னத் தலையணை. எண்ணெய்க் கறையோடு, கண்ணாடிப் பெட்டிக்குள்.

முதல் அறைக்கான விளக்கங்களை எழுதத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஏதென்ஸின் துடுப்பாளர்களைப் பற்றித்தானே பேர்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இரவுச் சாப்பாட்டின்போது நீங்கள் கேட்பீர்கள்: "என்ன பிள்ளை, உன்ர கப்பல் இன்னும் கரை சேரேல்லையோ?"

அந்தத் துடுப்பாளர்கள் அடிமைகள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சங்கிலி, சவுக்கு, முரசு. இல்லை என்பதுதான் என் ஆய்வின் பாதி. பெரும்பாலானோர் சுதந்திரமான குடிமக்கள். வயல் இல்லாதவர்கள், ஏழைகள், ஆனால் நகரத்தில் வாக்குரிமை உள்ளவர்கள். தன் துடுப்பையும் தான் உட்காரும் சிறு மெத்தையையும் தானே தூக்கிக்கொண்டு கப்பலுக்கு நடந்தவர்கள். வகுப்பில் மாணவர்களைக் கேட்பேன்: அடிமை எங்கேயாவது தன் மெத்தையோடு வருவானா?

கண்காட்சிப் பொறுப்பாளர் ரெகுலா ஒருநாள் சொன்னாள், கடைசி அறையில் கப்பல்கள்தான் இருக்கின்றன, மனிதர்கள் இல்லையென்று. என் அப்பா அப்படி ஒரு கப்பலில் இருந்தவர் என்றேன். என் குரலில் ஒரு பெருமை வந்தது. அது உங்களைப் பற்றிய பெருமை அல்ல.

ஒலிப்பதிவு செய்தோம். பார்வையாளர்கள் காதில் மாட்டிக் கேட்பதற்கு. முதல்முறை உள்ளதைச் சொன்னேன். என் அப்பா இலங்கையின் ஊர்காவற்துறையிலிருந்து போய், கிரேக்கச் சரக்குக் கப்பலொன்றின் எஞ்சின் அறையில் ஒயிலராக இருந்தார். சுழலும் பாகங்களுக்கு எண்ணெய் விடுவதும், அவை சூடாகாமல் பார்ப்பதும் அவர் வேலை. ரெகுலா தலையாட்டினாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

மறுபடி பதிந்தோம். இந்தமுறை வெக்கையைச் சொன்னேன். கரப்பான்களைச் சொன்னேன். மேலே நின்று கத்தும் சீஃப் எஞ்சினியரைச் சொன்னேன். எல்லாம் நீங்கள் எனக்குச் சொன்னவை, நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்னவை. சிரிப்பை விட்டுவிட்டேன். கடைசியில் நீங்கள் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

என் அப்பா ஓர் அடிமை.

ரெகுலாவின் கண்கள் கலங்கின. எனக்கு அது பிடித்திருந்தது அப்பா. அந்தச் சொல்லே சுவரில் தலைப்பாகவும் ஏறியது. 'ஓர் அடிமையின் தலையணை'. பெரிய கறுப்பு எழுத்தில்.

ஏன் சொன்னேன்? என்னோடு படிப்பவளின் அப்பா பேராசிரியர். இன்னொருவனின் அப்பா மருத்துவர். ஒயிலர், பிறகு துன் ஹோட்டலொன்றில் பாத்திரம் கழுவியவர் என்று சொன்னால் அடுத்த கேள்வி வராது. பேச்சு வானிலைக்குப் போய்விடும். அடிமை என்றால் அறை அமைதியாகிறது, எல்லோரும் என் பக்கம் திரும்புகிறார்கள். அந்தத் திரும்பலுக்காக உங்களைக் கொடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். திறப்புக்கு முன் அவர் ஆறுதலாகப் பார்க்கட்டும் என்று. அம்மா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். முதியோர் இல்லச் சமையலறையில் இத்தனை காலம் வேலை செய்தவருக்கு என் ஜெர்மன், அவர் சொல்லும் 'டொச்', விளங்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. முடிந்ததும் மறுபடி பொத்தானை அமத்திக் கேட்டார். பிறகு கைலேஞ்சியை எடுத்து, காது படும் இடத்தை அடுத்தவருக்காகத் துடைத்து, இருந்த இடத்தில் கொழுவினார்.

"வா, போவம்."

சூரிச்சில் ரயில் மாறினோம். அடுத்த ரயில் புறப்பட்ட பிறகுதான் அம்மா கேட்டார்.

"கொப்பர் எப்பவாவது உனக்குச் சொன்னவரோ, தான் அடிமையெண்டு?"

"இல்லையம்மா. அது கஷ்டத்தைக் காட்ட ஒரு மாதிரிச் சொல்லுறது."

"கஷ்டமெண்டால் கஷ்டமெண்டு சொல்லு. டொச்சில அதுக்குச் சொல்லில்லையோ? கம்பஸில படிச்சனீதானே. அவர் அடிமையெண்டால் நான் ஆர்? நீ ஆர்?"

டிக்கெட் பார்ப்பவர் வந்தார். அம்மா சிரித்த முகத்தோடு அட்டையைக் காட்டி, "மெர்சி வில்மால்" என்று நன்றி சொன்னார். அவர் நகர்ந்ததும் சிரிப்பும் போய்விட்டது.

"அந்தத் தலகணி ஆர் தைச்சதெண்டு தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

"நான். அப்ப எங்களுக்குக் கலியாணம் பேசி வைச்சிருந்தது. நேர குடுக்க வெக்கம், மாமியிட்டக் குடுத்துவிட்டனான். கிரீஸில, பிரேயஸ் துறைமுகத்தில கப்பலேற நிக்கேக்க எல்லாரும் பெட்டியோட நிக்கினம், இவர் கக்கத்தில தலகணியோட. அந்தச் சீஃப் கேட்டானாம், நீ வேலை செய்ய வந்தனியோ, நித்திரை கொள்ள வந்தனியோ எண்டு. இரண்டுக்கும்தான், சேர் எண்டாராம் இந்த மனுசன்!"

அம்மா சிரிக்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எஞ்சினுக்குப் பக்கத்தில ஒரு இரும்பு ஸ்டூலாம். அதில போட்டுத்தான் இருப்பாராம். பிறகு சீஃப் ஆசைப்பட்டுக் கேட்டும் குடுக்கேல்லை."

ஜன்னலில் ஓல்டன் நிலையம் கடந்துபோனது. என் வகுப்புக் கேள்வி என் காதிலேயே கேட்டது. அதே மெத்தை, அப்பா. பழைய குறிப்புகளில் தேடித் தேடி ஒரு வரியில் கண்டுபிடித்து, அதைச் சாட்சியாக வைத்து, முகம் தெரியாத துடுப்பாளர்களுக்காக வாதாடுகிறேன். அது நம் வீட்டு சோபாவில் கிடந்தது. அதைக் கண்ணாடிக்குள் வைத்து, அதற்கு மேல் அந்தச் சொல்லை எழுதினேன்.

துன்னில் இறங்கும்போது அம்மா சொன்னார்: "உந்தச் சொல்லு சுவரில இருக்குமட்டும் நான் அந்த வாசல் மிதிக்கமாட்டன். என்ர தலகணியையும் கொண்டு வா."

அடுத்த நாள் ரெகுலாவுக்கு ஃபோன் எடுத்தேன். ஒலிப்பதிவை அன்றே நீக்கிவிட்டு, பிறகு புதிதாகப் பதியலாம் என்றாள். சுவரில் அச்சடித்ததைத் திறப்புக்கு முன் மாற்ற முடியாதாம். "வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டலாம். அங்கே என்ன இருந்ததென்று யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாது. அந்தச் சொற்கள் எவ்வளவு இதமாக இருந்தன. சரி என்று சொல்லும் நுனியில் நின்றேன். பிறகு, திறப்பில் நான் பேசும்போது அந்தச் சொல்லை எல்லோர் முன்னாலும் என் கையால் வெட்டுகிறேன் என்றேன். "அப்படியானால் தடித்த பேனாவாகக் கொண்டு வா," என்றாள்.

இன்று பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். அவர் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வெட்டிப்போட்டு என்னத்தை எழுதுவாய்?"

"ஒயிலர் எண்டு."

"அது சரி. கீழ?"

இத்தனை படித்தும் உங்களைப் பற்றி ஒரு வரி வரவில்லை.

"தன்ர தலகணியோட போனவர் எண்டு எழுது. டொச்சில வடிவா எழுது." வெட்டியதைச் சட்டிக்குள் தள்ளினார். "என்ர நீலச் சீலையை எடுத்து அயர்ன் பண்ணி வை. சுருக்கோட வரேலாது."

சேலை இப்போது கதிரையின் முதுகில் தொங்குகிறது. நான் மேசையில் இருக்கிறேன். சீஃப் கேட்டும் ஏன் கொடுக்கவில்லை அப்பா? தைத்த கையை நினைத்தா, அல்லது இரும்பு ஸ்டூல் அவ்வளவு சுட்டதா? எனக்கு ஏன் இந்தக் கதையைச் சொல்லவில்லை? நான் எப்போதாவது கேட்டேனா? கஷ்டத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன் போலிருக்கிறது.

புதிய பதிவில் வெக்கையும் கரப்பான்களும் இருக்கட்டும், அவை உண்மை. அவற்றோடு, 'இரண்டுக்கும்தான், சேர்' என்றவரும் இருப்பார். நாளை அம்மா பக்கத்தில் நிற்க, அந்தச் சொல்லின்மேல் கோடு போடுவேன். கோட்டுக்கு அடியில் அது தெரியட்டும். நான் எழுதியதுதானே. கண்காட்சி முடிந்ததும் தலையணையை நானே கக்கத்தில் வைத்து, ரயிலில், தைத்தவரிடம் கொண்டுவந்து சேர்ப்பேன். பிறகு மூன்றாம் மாடிக் கதவுக்கு எண்ணெய் விடுவேன். என்ன எண்ணெய் என்று அம்மாவிடம் கேட்டு.

இப்படிக்கு,
தன் தலையணையோடு கப்பலில் போனவரின் மகள்