ஒரு நாளைக்கு ஒரு துண்டு

மாசி 9, திங்கள்

காலையில் பனி. வாடைக்காற்று. உடுப்பு காயவில்லை. முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போய் வந்தேன். பிள்ளைகள் பாடினார்கள், நானும் பாடினேன்.

பிரான்சிலிருந்து தங்கை மலரின் பார்சல். இவருக்குச் சேர்ட், எனக்குச் சீலை, ஒரு கட்டுக் கறுப்புச் சொக்லேட். பின்னேரம் அவளே போன் எடுத்தாள்.

"அக்கா, அது பால் போட்டதில்லை, கொஞ்சம் கைக்கும். அத்தானுக்கு ஒரு நாளைக்கு ஒரு துண்டு குடுங்கோ. பிரசருக்கு நல்லதாம். நீங்களும் சாப்பிடுங்கோ, மனசுக்கும் நல்லதெண்டு சொல்லுகினம்."

ஓம் என்றேன்.

மகள் மெலனி போய் மூன்று மாதம். டெங்கு. இதை எழுதும்போதும் ஒன்றும் வரவில்லை. வேறு யாருடைய வீட்டிலோ நடந்தது போல.

மாசி 10, செவ்வாய்

இவர் இன்றும் கடலுக்குப் போகவில்லை. வள்ளம் கரையில்தான். சூடை மீன் குழம்பு, சோறு. சாப்பிட்டபின் ஆளுக்கொரு துண்டு சொக்லேட்.

"என்னடி இது, வேப்பங்கொட்டை மாதிரி" என்றார். ஆனால் விழுங்கிவிட்டார்.

எனக்குக் கைப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. மெழுகு.

வாங்க: சவர்க்காரம், மண்ணெண்ணெய், நுளம்புத்திரி.
மெலனியின் போன் இணைப்பை நிற்பாட்ட. (நாளைக்கு.)

மாசி 12, வியாழன்

இவருடைய பிரசர் கிளினிக் நாள். வரமாட்டேன் என்றார். கிளினிக் கொப்பியோடு நான் போய் இந்த மாதக் குளிசைகளை எடுத்தேன். நல்ல சனக்கூட்டம். தாதியிடம் சொக்லேட்டைப் பற்றிக் கேட்டேன்.

"கறுப்புச் சொக்லேட் கொஞ்சம் சாப்பிட்டால் நல்லதுதான் அம்மா. கொக்கோவிலை ரத்தக்குழாயைத் தளர்த்திற சத்து இருக்கு. ஆனா சீனியும் கொழுப்பும் சேர்ந்துதானே வரும்? ஒரு துண்டோடை நிப்பாட்டுங்கோ. குளிசைக்குப் பதிலா அதைக் குடுத்திடாதேங்கோ."

பக்கத்தில் இருந்த மனிசி: "எனக்கு ஆர் அனுப்பப் போயினம்? நான் பனங்கட்டியோடை காலத்தை ஓட்டுறன்."

எல்லோரும் சிரித்தார்கள். என் முகமும் அசைந்தது.

வீட்டுக்கு வந்து தாதி சொன்னதை இவரிடம் சொன்னேன். "ஓம், ஓம்" என்றார்.

மாசி 14, சனி

சந்தை. கடைகளில் சிவப்பு ரிபன் கட்டிய சொக்லேட். காதலர் தினமாம். மெலனி வயதுப் பிள்ளைகள், சிரிப்பு, செல்ஃபி. பார்த்துக்கொண்டு நின்றேன். வெங்காயம் வாங்க மறந்துபோனேன்.

மாசி 16, திங்கள்

முன்பள்ளி வாசலில் பக்கத்து வீட்டு ராணி. மூச்சு வாங்க.

"ரீச்சர், ஓடி வாங்கோ. அண்ணை வீட்டு முத்தத்திலை விழுந்து கிடக்கிறார்."

ஓட்டோவில் ஆஸ்பத்திரி. பிரசர் எக்கச்சக்கம். பேச்சு இருக்கிறது, இடது கையில் பலம் குறைவு. இளம் டொக்டர், பெண்பிள்ளை.

"ஐயா, குளிசை ஒழுங்காப் போட்டனீங்களோ?"

"இல்லை. சொக்லேட் சாப்பிட்டனான். அது பிரசருக்கு நல்லதெண்டு மச்சாள் சொன்னவ."

"அளவோடை சாப்பிட்டா நல்லதுதான் ஐயா. ஆனா குளிசையின்ரை வேலையை அது செய்யாது."

அவருடைய சாரம் எடுக்க வீட்டுக்கு வந்தேன். தலையணை உறைக்குள் குளிசைப் பைகள். மெலனியை அடக்கம் செய்த மாதத்தில் எடுத்தவையும் கிடந்தன. ஒன்றும் உடைக்கவில்லை.

சொக்லேட் வந்து ஒரு கிழமைதான்.

மாசி 17, செவ்வாய்

ஆஸ்பத்திரி வாட்டில் இவரிடம் கேட்டேன். "ஏன் டொக்டருக்குப் பொய் சொன்னனீங்கள்? நீங்கள் குளிசையை எப்பவோ விட்டிட்டியள்."

சுவரைப் பார்த்தார். "என்னத்துக்கடி போடுறது? அவளே போயிட்டாள்."

கத்தினேன். நான்தான். "அவள் போயிட்டாள் எண்டால் நானும் செத்துப்போனனோ? என்னை ஆரோடை விட்டிட்டுப் போகப் போறியள்?"

வாட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் இருக்க யாரோ கதிரை கொண்டுவந்து வைத்தார்கள். நிற்பாட்ட முடியவில்லை. செத்தவீட்டில்கூட நான் இப்படி அழவில்லை.

இவர் நல்ல கையால் என் கையைப் பிடித்தார். கன நேரம் விடவில்லை.

பிறகு, "குளிசையை எடு" என்றார். வாயைத் திறந்தார். வைத்தேன்.

மாசி 18, புதன்

எழும்பும்போதே நெஞ்செல்லாம் நோகிறது. அவளுடைய பெயரைச் சொல்லிப் பார்த்தேன், இன்னும் நொந்தது. அழுதுகொண்டே அரிசி கழுவினேன். இவருக்கு உப்பில்லாமல் கறி. பார்க்க விடும் நேரம் மத்தியானம். சோறு அடுப்பில் பொங்குகிறது, போய் இறக்க வேண்டும்.