ஆயர் நாற்காலியில் விரித்த துண்டு

நேற்று கோயில் சாமான் அறையில் அலமாரியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. பழைய அங்கிகளுக்கு அடியில் அந்த வெள்ளைத் துண்டு மடித்தது மடித்தபடி இருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை கட்சித் தலைவர் வருகிறாராம். “செக்ரட்டரி, துண்டத் தொவச்சு எடுத்து வச்சிருங்க” என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். உன்னைப் புதைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. நான் இன்னும் செக்ரட்டரிதான்.

அந்த அறுப்பின் பண்டிகையை நினைத்துப் பார்க்கிறேன். வாழைக்குலையும் தேங்காயும் பூசணியுமாக ஆல்டர் முன்னால் நடக்க இடமில்லை. தேர்தல் நேரம். ஆராதனை பாதியில் எல்லோரும் கண்மூடி ஜெபத்தில் இருக்கும்போது தலைவர் ஐந்தாறு ஆட்களோடு வந்து நின்றார். முன் பெஞ்சுகளில் பிள்ளைகளோடு பெண்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மரைன் ஹில் சர்க்கார் ஆபீஸில் இருபது வருடமாக அதிகாரிகள் நாற்காலிக்குத் துண்டு விரித்துப் பழகிய கை இது. ஆல்டர் கம்பியைத் திறந்து, ஆயர் வந்தால் மட்டும் உட்காருகிற நாற்காலியில் துண்டை விரித்து, அவரை உட்கார வைத்துவிட்டேன்.

அன்று பொது ஜெபம் உன் முறை. ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கிற இடம் வந்ததும் சபை முழுவதும் முழங்காலில் நின்றது. நீ மட்டும் எழுந்து கம்பியருகே போனாய். ஃபெர்ரியில் கயிறு வீசிக் கட்டுகிற ஆளுக்கு அவ்வளவு மெல்லிய குரல் எங்கிருந்து வந்ததோ. “சாப், நீச்சே ஆயியே” என்றாய். ஐயா, கீழே வாருங்கள். அவ்வளவுதான். அவரும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் பெயரைச் சொல்லி, அவர் உடம்புக்காக, வீட்டாருக்காக, அவர் நியாயமாக நடப்பதற்காக நீ ஜெபித்தாய். முடிவில் அவரும் எல்லோரோடும் ஆமென் என்றார். ஆனால் கூட வந்தவர்கள் சிரிக்கவில்லை.

நாலு மாதம் கழித்து உன் நெஞ்சு மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஆபரேஷன் கடல் தாண்டி மெயின்லேண்டில்தான், தாமதிக்கக் கூடாது என்றார் டாக்டர். கப்பலில் இடமில்லை. அடுத்த கப்பல் எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. தலைவரின் சிபாரிசுக் கடிதம் இருந்தால் கப்பலில் ஒரு படுக்கை கிடைக்கும் என்று நான்தான் அவருடைய ஆபீஸுக்கு ஓடினேன்.

“பூரா பப்ளிக் முன்னாடி எங்க சாபை இறக்கி விட்டாருல்ல உங்க ஆளு? தப்புன்னு ஒரு மாஃபி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. லெட்டர் ரெடி” என்றார் அங்கிருந்தவர்.

அந்த மன்னிப்புக் கடிதத்தை நானே டைப் செய்து அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் உன் வீட்டுக்கு எடுத்து வந்தேன். நீ கட்டிலில் சாய்ந்தபடி இரண்டு தரம் படித்தாய்.

“ஏல, அவரு மேல எனக்கு ஒரு கோவமும் கெடயாது. தெனமும் ஜெபத்துல அவரு பேரு இருக்கு. வேற என்ன வேணும்னாலும் எழுதித் தாரேன். இறக்குனது தப்புன்னு மட்டும் எப்படில எழுத? அந்த இடம் நம்ம குடுக்கதுக்கு நம்மளதா? ஆயரே கும்பிட்டுட்டுத்தான உக்காருதாரு.”

“அண்ணே, நீங்களாவது சொல்லுங்க” என்று உன் மனைவி கதவோரம் நின்று அழுதாள்.

நானும் சொன்னேன். ஒரு கையெழுத்துதானே, ஆண்டவர் மன்னிக்க மாட்டாரா என்றேன்.

“மன்னிப்பாரு. அதான்ல எனக்குப் பயமா இருக்கு” என்றாய்.

நான் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாய். “துண்டு ஓரம் கோணலாக் கெடந்துச்சு. அப்பவே நெனச்சேன், இது இவன் விரிச்சதுன்னு.” சிரித்தாய், சிரிப்பு இருமலாகி நிற்காமல் போனது. விரித்தது நான் என்று நீ யாரிடமும் சொல்லவில்லை. கமிட்டியிலும் நீ சொல்லவில்லை, உன் மனைவியிடமும் சொல்லவில்லை.

திரும்பும் ஃபெர்ரியில்தான் எனக்கு உறைத்தது. அவர்களுக்கு வேண்டியது யாராவது ஒருவன் தலையைக் குனிவது. தலைவரைத் தவறான நாற்காலியில் உட்கார வைத்த முட்டாள் நான், மன்னியுங்கள் என்று என் பெயரில் நாலு வரி எழுதியிருந்தால் போதும். அது பொய்கூட இல்லை. ஒருவேளை உனக்குக் கடிதம் கிடைத்திருக்கும். காகிதம் சட்டைப் பையில் இருந்தது, பேனாவும் இருந்தது. தூரத் தீவான கேம்பல் பேக்கு என்னை மாற்றிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. மகளுக்கு அப்போது பிளஸ் டூ. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று கப்பல் போய்விட்டது. பன்னிரண்டாம் நாள் நீயும் போய்விட்டாய்.

அடக்க ஆராதனைக்குத் தலைவர் மலர்வளையத்தோடு வந்தார். நான் துண்டை எடுத்து வந்து விரித்தேன். ஆம், நான்தான். அவர் ஆயர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கீழே பெட்டியில் நீ. கீழே வாருங்கள் என்று சொல்ல அந்தச் சபையில் ஒருவரும் இல்லை, சொல்லக்கூடிய ஒருவனைத்தான் மூடி வைத்திருந்தோமே. கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது உன் மனைவி என்னைப் பார்த்து, “நாற்காலி பத்திரமா இருக்கா அண்ணே?” என்று கேட்டாள். அதன்பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை.

நீ கடைசிவரை உண்மையாய் இருந்தாய் என்று பிரசங்கத்தில் சொன்னார்கள். இருந்து என்ன கண்டாய்? உன் பிள்ளைகளுக்கு அப்பா இல்லை, நாற்காலியும் உன் ஆண்டவருக்கு மிஞ்சவில்லை. இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, ஆனால் உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. இப்போதெல்லாம் முழங்காலில் நின்றால் எனக்கு ஜெபம் வருவதில்லை. தரையில் ஓடுகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இன்று மாலை ஃபெர்ரியில் துண்டு என் பையில் இருந்தது. கடலில் எறிந்துவிடலாம் என்று தோன்றியது. எறிந்தால் கமிட்டி வேறு துண்டு வாங்கும், அதை விரிக்கவும் என்னைத்தான் கூப்பிடும். உன் இடத்துக்கு வந்திருக்கும் ஆள் கயிற்றை இரண்டு தரம் வீசியும் ஜெட்டிக் கட்டையில் விழவில்லை. நீயாக இருந்தால் கெட்ட வார்த்தை வராத ஒரு திட்டு திட்டியிருப்பாய். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். சாப், நீச்சே ஆயியே. மறுபடியும் சொன்னேன். மூன்றே சொற்கள். ஒன்றரை வருடமாக இவற்றைத்தான் சுமந்துகொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வருகிறேன். உதடு அசைகிறது, சத்தம் மட்டும் வருவதில்லை.

பக்கத்தில் நின்ற பெங்காலி அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “க்யா ஹுவா, தாதா?” என்றாள். என்ன ஆச்சு, அண்ணா.

ஒன்றுமில்லை என்றேன். அதை மட்டும் சத்தமாகச் சொல்ல வந்தது.