திரும்பி வந்த ஏலக்காய்

அன்புத் தங்கை பவானிக்கு,

போடியிலிருந்து அண்ணன். போனில் உன் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நம் ஏலக்காய் வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து திரும்பிவிட்டது. அவர்கள் சட்டம் அனுமதிக்கிற அளவைவிடப் பூச்சிமருந்து அதிகமாம். கூடலூர்க்காரர் ஒருவர் என் கடையிலேயே நின்று, "மருந்தே அடிக்கலன்னு சொன்னாக உங்க தங்கச்சி. களவா அடிச்சிருக்காக" என்றார். நான் தராசை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூன்று வருஷமாக நீ மருந்தைத் தொடவில்லை. பாதிக் காயைப் பூச்சிக்கே கொடுத்தாய். பரிசோதனைக்கு உன் காயைத்தான் அனுப்பினேன், உன் பெயருக்குச் சான்றிதழும் வந்தது. ஆனால் கன்டெய்னர் நிரம்பவில்லை. வேறு தோட்டத்துக் காயையும் வாங்கி, உன் பெயரிலேயே ஏற்றிவிட்டேன்.

திரும்பியதை மதுரையில் விற்றேன். அங்கே யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

என் மகள் வாயும் வயிறுமாக வந்திருக்கிறாள். பாயசம் கேட்கிறாள். கடையில் மூட்டை மூட்டையாகக் காய் இருக்கிறது, அதைப் போட எனக்குக் கை வரவில்லை. உன் தோட்டத்துக் காய் ஒரு கைப்பிடி இருந்தால் கொடுத்துவிடு, ஆத்தா.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்க முடியாத அண்ணன்