முருங்கையிலிருந்து பதினொரு காலடி

பிள்ளையார் துணை

புளியங்குளம்
மாசி, வியாழக்கிழமை

அன்பு மகன் கிருசாந்தனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் பிள்ளையார் கிருபையால் நடமாடித் திரிகிறோம், நீயும் மருமகள் கஜனியும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன். போனில் கதைக்கிற அம்மா ஏன் தாளில் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் தொடங்கினால் அழுகை வந்துவிடும், முழுதாகச் சொல்லி முடிக்கமாட்டேன். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மரவள்ளியை முள்ளம்பன்றி கிண்டுகிறது என்று தையில் சொன்னேன்தானே. நாற்பது தடியில் ஒன்பதுதான் மிஞ்சியது, தென்னம்பிள்ளை இரண்டையும் குருத்தோடு தின்றுவிட்டது. பின்வேலியோரம் வளை, ஒரு ஆள் தலையை விடலாம், அவ்வளவு பெரிது. முள்ளு வைத்து அடைத்தோம், பக்கத்தில் புதிதாகக் கிண்டியது. வெளியே தள்ளிய மண்ணில் நீலப் பிளாஸ்ரிக் துண்டுகள் பல்லுப் பதிந்தபடி கிடந்தன, குப்பை என்று நான்தான் கூட்டி எரித்தேன். பொறுக்கமுடியாமல் முந்தநாள் செவ்வாய்க்கிழமை சுடலைமுத்துவைக் கூப்பிட்டோம், அப்பாவோடு வயலுக்கு வருகிறவர். அதுக்கு ரெண்டு வாசல் இருக்குங்கம்மா, ஒண்ண அடச்சிட்டு மத்ததுல காஞ்ச செத்தமிளகாய்ப் புகை போட்டா ஓடிடும் என்றார். மற்ற வாசலைத் தேடி அலவாங்குக் கம்பியால் குத்தியபோது எதிலோ பட்டது. மனிதர் அலவாங்கைப் போட்டுவிட்டு எட்டப் பாய்ந்தார், வெடிக்காத செல் குண்டு என்று நாங்களும் முற்றத்துக்கு ஓடினோம். வெடிக்கவில்லை. நீலமாகத் தெரிந்தது. அப்பா போய்க் கையால் மண்ணை விறாண்டினார்.

எங்கள் நீலப் பிளாஸ்ரிக் பரல், மகன். இடம்பெயர்ந்தபோது அப்பாவோடு நீயும் உருட்டிக்கொண்டுபோய், வீட்டுச் சாமானைப் போட்டு மூடி, மண்ணுக்குள் தாட்ட அதே பரல். உனக்கு அப்போது பதினான்கு வயது. விளிம்பை முள்ளம்பன்றி கரம்பியிருந்தது. தையல் மெஷின் கறளாகிப் போச்சு, படங்கள் எல்லாம் களியாகிப் போச்சு, உன்னுடைய ஒரு வயதுப் படமும். குத்துவிளக்கு இரண்டும் பச்சை பிடித்தபடி அப்படியே கிடந்தன. அவற்றை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

பரல் தாட்ட இடத்தை என் கொப்பியில் எழுதியிருந்தேன், முருங்கையிலிருந்து வேலிப்பக்கமாகப் பதினொரு காலடி என்று. முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை, டோசர் ஓடிய நிலத்தில் ஒரு முருங்கை மட்டும் நின்றது. அதிலிருந்துதான் அளந்து கிண்டினோம். மண் இளகிக் கிடந்தது, பரல் இல்லை, யாரோ முதலே கிண்டி எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இப்போது அப்பா பரலிலிருந்து திருப்பி அளந்தார், பதினோராவது காலடியில் உக்கிய முருங்கை அடிக்கட்டை ஒன்று மண்ணுக்குள் கிடந்தது. முறிந்து விழுந்த கொப்பு தள்ளி வேர்விட்டு நின்றதைத்தான் பழைய மரம் என்று அளந்திருக்கிறேன். வெட்டிய கொப்பைக் கதியாலாக நட்டு வேலி அடைத்தே வளர்ந்த எனக்கு அது தெரியாமல் போச்சு. அப்பா என்னை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். எங்களுக்கு இரண்டு மாதம் முதலே வந்து குடியேறியவர்கள் அடுத்த வளவுத் தங்கம்மா அக்கா குடும்பம். அவவின் சாமியறையில் உச்சியில் அன்னப்பறவை வைத்த குத்துவிளக்கைக் கண்டேன். எங்களுடையதைப் போலவே இருந்தது, நான் கேட்கவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை. அந்த வருடப் பொங்கலன்று கோயிலடியில் அத்தனை சனத்துக்கு முன்னால் எங்கட விளக்கு உங்கட வீட்டில எரியுது என்று சொன்னேன். அவ சத்தம் போடவில்லை. "அது ஒரு நாளைக்கு வரும் விமலா. வந்தாப்பிறகு என்னட்டை வந்து சொல்லு," என்றா, அவ்வளவுதான். அதன்பிறகு பதினைந்து வருடம் வேலிக்கு இரண்டு பக்கமும் ஒருவரோடு ஒருவர் முகம் பார்க்காமல் இருந்தோம். போன பங்குனியில் அவ செத்தபோது பெட்டி எங்கள் வாசல் படலையைத் தாண்டித்தான் போனது. நான் மரவள்ளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன்.

நேற்றுப் புதன்கிழமை காலை குளித்து, திருநீறு பூசி, விளக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு தங்கம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். அவவின் மகள் சிவரூபிதான் இப்போது அங்கே. நடந்ததைச் சொன்னேன், காலில் விழவும் குனிந்தேன். அவ விலகி நின்றா. "எனக்கு விளக்கும் வேண்டாம், உங்கட அழுகையும் வேண்டாம் மாமி. கோயிலடியில சொன்னதைக் கோயிலடியிலேயே சொல்லுங்கோ," என்றா. பிறகு படலைவரை வந்து விட்டுவிட்டுப் போனா, அந்த அளவுக்குத் தாயின் பிள்ளை.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. பூசை முடிந்து சனம் கலைவதற்கு முதல் சொல்லப்போகிறேன். தங்கம்மா அக்கா எங்கள் பொருளை எடுக்கவில்லை, எடுத்ததாகச் சொன்னவள் நான், பிழை என்னுடையது. இதைத்தான் சொல்வேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன். அன்றைக்குக் கேட்ட சனத்தில் பாதி இப்போது இல்லை. அது எனக்குத் தெரியும். கேட்க வேண்டியவவே இல்லை.

இனி நான் சொன்ன மற்றக் காரணம். தங்கம்மா அக்காவின் மகன் அஜந்தன் பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அங்கே லாச்சப்பல் கடைத்தெருவில் அவனைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போவதாக நீ ஒருமுறை சொன்னாய், நல்லது மகன் என்றேன். அந்தச் சொல்லும் என் கணக்கில்தான் நிற்கிறது. விசா இல்லாமல் தாயின் செத்தவீட்டை அவன் போனில் பார்த்தவனாம். இந்தக் கடிதத்தை அவனிடம் கொண்டுபோய்க் கொடு, அவனும் வாசிக்கத்தான் தாளில் எழுதினேன். எனக்காக மன்னிப்புக் கேட்காதே, அது நான் கேட்க வேண்டியது. உன் பங்கை மட்டும் நீ கேள்.

முள்ளம்பன்றியைப் புகைக்க வேண்டாம் என்றுவிட்டேன். வளையையும் மூடவில்லை. மிச்ச ஒன்பது தடியையும் தின்னட்டும்.

பிள்ளையார் உங்கள் இருவரையும் காப்பாராக. காதை மூடித் தொப்பி போடு, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. வருகிற பங்குனியில் தங்கம்மா அக்காவின் முதலாம் வருட ஆட்டைத் திவசம், அதற்கு முதல் அஜந்தனிடம் போ. அவன் கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்று உரத்து வாசித்துவிட்டு வா.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா
ந. விமலேஸ்வரி